சிறு காரின் மூச்சு

பத்தடி நீளமே உடைய சிறு கார் ஒன்று இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள் வெளிவந்தது. 'மினி' என்பது அதன் பெயர். 2000-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களோடு அதன் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட நாற்பத்தோராண்டுகளில் ஐம்பத்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பெற்றன. இந்நாளில் அப்பெயரால் விற்கப்படுவது முற்றிலும் வேறொரு கார். பழைய மினி இனிப் பிறவாது. ஆகலின் எஞ்சியவற்றை உடையோர் அவற்றைக் குடும்பச் சொத்தெனப் போற்றுகின்றனர். போற்றுவோருட் பலர், 'இஃது இன்னுஞ் சற்று விரைந்து ஓடினால் நன்றன்றோ!' என்றும் விழைகின்றனர். அவ்விழைவு நிறைவேறும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிலும் மாணாக்கனுக்கு எஞ்சினோடு யாது உறவு என்று நகைப்பார் நகைக்க. விடுதியில் ஒரு மாலை, காரின் படங்கள் நிறைந்த புத்தகம் ஒன்றைச் சூழ்ந்து நாங்கள் அமர்ந்திருந்தபொழுது, பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவர், "இக்காருக்கு வேகம் வேண்டுமாயின் பின்னாலுள்ள சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டாற் போதும், உரத்த ஒலியே வலிமைக்கு அடையாளம்" என்றார். ஏனையோர் தலையசைத்தனர். எனக்கு அதில் ஐயம் எழுந்தது. ஆயினும் காரணங் காட்டி மறுக்க இயலவில்லை. அவ்வியலாமையே என்னைப் படிக்கச் செய்தது. படித்தறிந்தவற்றை அந்நண்பருக்கும், அவரைப்போல எண்ணும் ஏனையோருக்கும் இங்கே முறைப்படக் கூறுகின்றேன்.

காரின் பிறப்பு

1956-ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் பற்றி எழுந்த பூசலால் இங்கிலாந்துக்குப் பெட்ரோல் வரத்துக் குன்றியது. மக்களுக்குப் பங்கீட்டு முறையிற் பெட்ரோல் அளிக்க நேர்ந்தது. அக்காலத்தில் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவராயிருந்த ஸர் லெனார்டு லார்டு, குறைந்த பெட்ரோலில் நால்வரைச் சுமந்து செல்லும் உண்மையான சிறு கார் ஒன்று வேண்டுமெனக் கருதி, அப்பணியை அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலறிஞரிடம் ஒப்புவித்தார். இஸிகோனிஸ் 1906-ஆம் ஆண்டு ஸ்மர்னா நகரிற் பிறந்தவர். அவர் எஞ்சினை நெடுக்கில் வையாது குறுக்கே வைத்தார். கியர்ப் பெட்டியை எஞ்சினுக்கு அடியில், அதன் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அமைத்தார். முன் சக்கரங்களே காரை இழுக்குமாறு செய்தார். சக்கரங்களையும் பத்தங்குல அளவினவாகச் சுருக்கினார். இவற்றால் காரின் பெரும்பகுதி ஏறிச் செல்வோருக்கும் அவர்தம் பொருள்களுக்கும் உரியதாயிற்று.

காரின் அமைப்புப் புதிதாயினும் அதன் எஞ்சின் புதிதன்று. 'ஏ வரிசை' எனப்பட்ட அந்த எஞ்சின் 1951-ஆம் ஆண்டிலேயே ஆஸ்டின் ஏ30 என்னும் காரில் 803 கன சென்டிமீட்டர் அளவிற் பொருத்தப்பட்டிருந்தது. மினிக்கென அதனை 848 கன சென்டிமீட்டராக்கினர். நிமிடத்துக்கு 5500 சுற்றுச் சுழலும்பொழுது அது தந்த ஆற்றல் 34 குதிரைத்திறன். சிக்கனமாய்ச் செல்ல விழைவோருக்கு அஃது அமையும். விரைந்து செல்ல விழைவோருக்கு அமையாது.

இக்குறையை நிறைக்க முதலில் முயன்றவருள் தலையாயவர் பந்தயக் கார்கள் அமைப்பதிற் பெயர்பெற்ற ஜான் கூப்பர். இஸிகோனிஸுக்கோ இதில் முதற்கண் விருப்பமில்லை. எளிய குடும்பங்களுக்கென வகுத்த காரைப் பந்தயத்துக்கு ஆக்குவதா என்பது அவர் கருத்து. எனினும் நிறுவனத்தின் மேலாளருள் ஒருவரான ஜார்ஜ் ஹாரிமன் இசைந்தார். 1961-ஆம் ஆண்டு மினி கூப்பர் வெளிவந்தது. அதன் எஞ்சின் 997 கன சென்டிமீட்டர்; கார்புரேட்டர் இரண்டு; ஆற்றல் 55 குதிரைத்திறன். இவற்றோடு முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் அமைக்கப்பட்டது. ஓடும் ஆற்றலைக் கூட்டிய அக்கணமே நிற்கும் ஆற்றலையுங் கூட்டினர் என்பதனை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் அதனை மீண்டும் எடுத்துரைப்பேன். 1963-இல் வெளிவந்த 1071 கன சென்டிமீட்டர் 'கூப்பர் எஸ்' 70 குதிரைத்திறன் உடையது. 1964-ஆம் ஆண்டு மான்டி கார்லோப் பந்தயத்தில் பாடி ஹாப்கர்க்கும், 1965-இல் டிமோ மாகினனும், 1967-இல் ரௌனோ ஆல்டனனும் இச்சிறு காரை ஓட்டிப் பெருங் கார்களைப் பின்னிட்டனர்.

எஞ்சினின் மூச்சு

இனி எஞ்சின் தொழிற்படும் வகையை நோக்குவோம். யோக நூலார் மூச்சினைப் பூரகம், கும்பகம், இரேசகம் என்று பகுப்பர். உள்ளிழுத்தல், உள்நிறுத்தல், வெளிவிடுதல் என்பன அவை. எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரும் இவ்வாறே மூச்சு விடுகின்றது. பிஸ்டன் முதன்முறை கீழிறங்குங்கால் உள்வால்வு திறந்து, காற்றும் பெட்ரோல் ஆவியுங் கலந்த கலவை உட்புகுகின்றது. பிஸ்டன் மேலெழுங்கால் அக்கலவை நெருக்கப்படுகின்றது. பிளக்கின் பொறியால் அது தீப்பற்றிப் பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. மறுமுறை பிஸ்டன் மேலெழுங்கால் வெளிவால்வு திறந்து, எரிந்த புகை வெளியேறுகின்றது. இந்நான்கு செயல்களுக்குள் கிராங்க் ஷாப்ட் இருமுறை சுற்றிவிடுகின்றது.

இதனாற் பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. எஞ்சின் தரும் ஆற்றல், அஃது உள்ளிழுக்கும் காற்றின் அளவைப் பொறுத்தது. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமாயினும் ஊற்றலாம். அதனை எரிக்கக் காற்று வேண்டும். 848 கன சென்டிமீட்டர் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் அதிற் பாதியாகிய 424 கன சென்டிமீட்டர்க் காற்றையே இழுக்க இயலும். 5500 சுற்றுக்குக் கணக்கிட்டால், சிலிண்டர்கள் முழுதும் நிரம்புமாயின், நிமிடத்துக்கு 2300 லிட்டருக்கு மேலாகும். இவ்வளவு காற்றும் சிறு துளைகளின் வழியே உட்புகுந்து, எரிந்து, வெப்பத்தாற் பன்மடங்கு விரிந்த புகையாய் வெளியேறல் வேண்டும். வழியில் எவ்விடத்து நெருக்கடி உண்டோ அவ்விடத்தில் ஆற்றல் குன்றும். வெளிவிடும் மூச்சு முற்றும் வெளிப்படாதவனுக்கு உள்ளிழுக்கும் மூச்சும் நிரம்பாது என்பது நாம் அனைவரும் அறிந்ததே.

ஐந்து வாயில்கள்

ஏ வரிசை எஞ்சினில் ஒரு தனித்தன்மை உண்டு. நான்கு சிலிண்டருக்கு நான்கு உள்வாயிலும் நான்கு வெளிவாயிலுமாக எட்டு இருத்தல் முறை. இதிலோ ஐந்தே உள்ளன. முதற் சிலிண்டரும் இரண்டாம் சிலிண்டரும் ஓர் உள்வாயிலைப் பங்கிட்டுக்கொள்கின்றன; மூன்றாவதும் நான்காவதும் மற்றொன்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வெளிவாயில் மூன்று. ஓரங்களிலுள்ள முதற் சிலிண்டருக்கும் நான்காஞ் சிலிண்டருக்கும் தனித்தனி வாயில். நடுவிலுள்ள இரண்டுக்கும் பொதுவாயில் ஒன்று. இவ்வைந்தும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஓட்டுநரை நோக்கிய பின்பக்கத்தில், வரிசையாய் அமைந்துள்ளன. செலவு குறைதலும் இடஞ் சிறுத்தலும் இவ்வமைப்பின் நன்மைகள். மூச்சுக்கு இடையூறு இதன் தீமை.

சிலிண்டர்கள் தீப்பற்றும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்பது. அரைச் சுற்றுக்கு ஒரு சிலிண்டராக இவை தொழிற்படுகின்றன. இவ்வரிசையைக் கூர்ந்து நோக்கினால், பொது உள்வாயிலை உடைய சிலிண்டர்கள் இரண்டும் அடுத்தடுத்து மூச்சிழுப்பதும், பின் நெடுநேரம் வாளாவிருப்பதும் புலனாகும். ஒன்று இழுத்து முடிக்குமுன் மற்றொன்று இழுக்கத் தொடங்குகின்றது. ஒருதாய்ப் பிள்ளைகள் ஒரே கிண்ணத்துப் பாலுக்குப் போட்டியிடுவது போன்றது இது. வெளிவாயிலின் நிலை வேறு. நடுவாயிலைப் பங்கிடும் இரண்டாஞ் சிலிண்டரும் மூன்றாஞ் சிலிண்டரும் முழுச்சுற்று ஒன்று கழிந்தே மாறிமாறிப் புகை விடுகின்றன. ஓரத்து இரண்டும் அவ்வாறே. ஆகலின் நடுவிற் செல்லும் புகையையும் ஓரங்களிற் செல்லும் புகையையும் தனித்தனியே கொண்டு சென்றால் ஒன்றை ஒன்று தடுக்கமாட்டா. இவ்வொரு நுட்பத்தின்மேலேயே மினியின் புகைக்குழாய்த் திருத்தம் முழுவதும் நிற்கின்றது.

புகையின் அலை

சிலிண்டரிலிருந்து புகை வெளியேறுவது ஆற்று நீர் ஒழுகுவது போன்றதன்று. வெளிவால்வு திறந்தவுடன் உள்ளே எஞ்சியிருந்த அழுத்தம் ஓர் அடியாகக் குழாயிற் பாய்கின்றது. அவ்வடி அலையாகிக் குழாய்வழியே ஓடுகின்றது. குழாய் திடீரென அகலும் இடத்தையோ திறந்த முனையையோ அஃது அடையும்பொழுது, அவ்விடத்திலிருந்து எதிர்வகை அலையொன்று, அஃதாவது அழுத்தம் குறைந்த அலை, வால்வை நோக்கித் திரும்புகின்றது. வெளிவால்வு மூடுமுன்பே உள்வால்வு திறப்பது எஞ்சின்களின் வழக்கம். இரு வால்வும் ஒருங்கு திறந்திருக்கும் அச்சிறு பொழுதில் மேற்கூறிய குறையழுத்த அலை வந்து சேருமாயின், சிலிண்டரில் எஞ்சிய புகையை அஃது உறிஞ்சி வெளியேற்றும். புதுக்கலவையையும் உள்ளே இழுத்துத் தரும். செலவின்றிக் கிடைக்கும் உதவி இது.

தொழிற்சாலையில் மினிக்குப் பொருத்திய வார்ப்பிரும்புக் கிளைக்குழாய், மெக்கானிக்குகள் மானிபோல்டு என்று வழங்குவது, இவ்வுதவிக்கு இடந்தரவில்லை. மூன்று வாயில்களின் புகையும் சிறிது தூரத்திலேயே ஒன்றுகூடும்படி அது குறுகியது. அதன் விளைவு யாது? முதற் சிலிண்டர் தன் மூச்சின் கடைப்பகுதியை விட்டுக்கொண்டிருக்கும்பொழுது மூன்றாஞ் சிலிண்டரின் வெளிவால்வு திறக்கின்றது. அதன் புகையடி குறுகிய குழாய்வழியே முதற் சிலிண்டரின் வாயிலை மோதி, வெளியேறும் புகையைத் தடுக்கின்றது.

இதற்கு மாற்றாக அமைக்கப்பட்டதே 'நீள் நடுக்கிளை' மானிபோல்டு. எஃகுக் குழாய்களாலான இதில், ஓரத்து இரு குழாய்களும் முதலில் ஒன்றாகின்றன. நடுக்குழாய் அவற்றோடு சேராது நெடுந்தூரம் தனியே இறங்கிச் சென்று, காரின் அடியிலேயே அவற்றோடு கூடுகின்றது. முன்னர்க் கூறிய இரு கூட்டங்களும் இவ்வாறு பிரித்து வைக்கப்படுதலின் மோதல் நீங்குகின்றது. அலையின் உதவியும் கிடைக்கின்றது.

எனினும் ஓர் அளவுக் குழாய் எல்லா வேகத்துக்கும் ஒருங்கே பொருந்தாது. வெப்பப் புகையில் அலை வினாடிக்கு 500 மீட்டர் செல்வதாக எளிமைக்காகக் கொள்வோம். ஒரு மீட்டர் நீளக் குழாயில் அது சென்று திரும்ப ஒரு வினாடியின் ஆயிரத்தில் நான்கு பங்கு ஆகும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் அப்பொழுதுக்குள் கிராங்க் ஷாப்ட் 72 பாகை திரும்பும். 6000 சுற்றில் 144 பாகை திரும்பும். ஆகலின் மேல்வேகத்தில் உரிய பொழுதில் வரும் அலை, கீழ்வேகத்திற் காலத்துக்கு முன் வந்து பயனின்றிப் போகும். குழாயின் அகலமும் அத்தகையதே. மிக அகன்ற குழாயிற் புகையின் ஓட்டம் மந்தமாகி அலை வலியிழக்கும். 'எஞ்சினுக்குச் சிறிது எதிரழுத்தம் வேண்டும்' என்று சிலர் கூறுவது இதனைத் தவறாக உணர்ந்தமையால் எழுந்தது. எதிரழுத்தம் எஞ்சினுக்கு ஒருபொழுதும் நன்மை செய்வதன்று. அகன்ற குழாயைப் பூட்டியோர் இழந்தது எதிரழுத்தத்தையன்று. புகையின் விரைவையும் அலையின் உதவியையுமே.

சைலன்சர்

இப்பொழுது நண்பரின் கூற்றை ஆராயலாம். சைலன்சர் இருவகைப்படும். ஒன்று, தட்டுக்களால் அறைகளாக்கப்பட்டு, புகையை வளைத்து வளைத்துச் செலுத்தி ஒலியைத் தணிப்பது. இதிற் புகைக்குத் தடை மிகுதி. மற்றொன்று, எண்ணிறந்த துளைகளையுடைய நேர்க்குழாயைக் கண்ணாடி நாரினாற் சூழ்ந்து ஓர் உறைக்குள் வைத்தது. இதிற் புகை நேரே செல்லும். ஒலி மட்டும் துளைவழிப் புகுந்து நாரில் அடங்கும். எனவே தடையை நீக்குதல் வேறு, ஒலியைக் கூட்டுதல் வேறு. தக்க நேர்க்குழாய்ச் சைலன்சர் பெரும்பாலும் தடையின்றிப் புகையை விட்டும், ஒலியை அடக்கியும் இரு கடமையையும் ஆற்றும். சைலன்சரை அறவே நீக்குவதால் வருவது பேரொலி. குழாயின் நீளம் மாறுதலின் அலை திரும்பும் காலமும் மாறி, சில வேகங்களில் ஆற்றல் குறைதலும் உண்டு. அன்றியும் தெருவில் உறங்குங் குழந்தைகளும் நோயாளிகளும் நம் வேகத்தின் பொருட்டு விழித்திருக்கவேண்டியதில்லை. புகைக்குழாய் அமைப்பை ஒலி மிகும்படி மாற்றுதலை இங்கிலாந்தில் 1986-ஆம் ஆண்டு வகுத்த வண்டி விதிகளும் தடுக்கின்றன.

கார்புரேட்டரும் கலவையும்

நிற்க. புகைக்குழாயை மட்டுந் திருத்தி அமைவோர் பெருந்தீங்கை அழைத்துக்கொள்வோராவர். அதன் காரணத்தை அறிய எஸ்.யூ. கார்புரேட்டரின் இயல்பை அறிதல் வேண்டும். மினியின் வாழ்நாளிற் பெரும்பகுதியும் அதற்குப் பொருத்தப்பட்டது இதுவே. இதனுள் மேலுங் கீழும் ஏறியிறங்கும் பிஸ்டன் ஒன்றுண்டு. காற்று மிகுமளவு அது மேலெழும். அதன் அடியில் நுனி நோக்கிச் சிறுத்த ஊசியொன்று, ஜெட் என்னும் துளைக்குள் நிற்கின்றது. பிஸ்டன் எழ ஊசியும் எழும்; துளையில் இடைவெளி மிகும்; பெட்ரோல் மிகுதியாய் வரும். காற்றுக்கேற்பப் பெட்ரோலை அளக்கும் எளிய தராசு இது.

இத்தராசு வழுவுவது எங்ஙனம்? மிதவைக் கிண்ணத்திலுள்ள பெட்ரோலின்மேல் வெளிக்காற்றின் அழுத்தம் உள்ளது. கார்புரேட்டருக்கு முன்னுள்ள ஏர் பில்டர் காற்றைச் சிறிது தடுத்தலின் அதற்கு உட்புறத்தில் அழுத்தம் சற்றுக் குறைவு. இவ்வேற்றுமையும் பெட்ரோலை ஜெட்டின் வழியே இழுக்க உதவுகின்றது. தடை குறைந்த புதிய பில்டரைப் பொருத்தினால் அவ்வுதவி குறைகின்றது. காற்று மிகுகின்றது, பெட்ரோல் அதற்கீடாக மிகவில்லை. பழைய எஞ்சினின் மூச்சுக்கென வகுத்த ஊசி புதிய மூச்சுக்குப் பொருந்தாது போகின்றது.

ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். முழு ஆற்றல் வேண்டுமிடத்துக் காற்று 12.5 முதல் 13 பங்கு வரை இருத்தல் நன்று. சற்று மிகுந்த பெட்ரோல் எரிதலை விரைவாக்குவதோடு வெப்பத்தையுந் தணிக்கும். நெடுஞ்சாலையில் ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்திச் செல்லும்பொழுது பெட்ரோல் குறைந்த கலவை எரியுமாயின் சிலிண்டருக்குள் வெப்பம் மிகும். கலவை தானே வெடித்துத் தட்டல் ஒலி எழும். வெளிவால்வின் விளிம்பு கருகும். ஈற்றிற் பிஸ்டனின் தலையே உருகித் துளைபடும். இத்தீமை விளையும்பொழுது கார் முன்னினும் விரைந்தே ஓடுவதாகத் தோன்றும். உரத்த ஒலியால் தட்டல் ஒலியும் செவிக்குப் புலனாகாது. இதனினுங் கொடியது பிறிதில்லை.

ஆகலின் நீள் நடுக்கிளை மானிபோல்டு, தடையற்ற சைலன்சர், அகன்ற உட்குழாய், புதிய ஏர் பில்டர், அவற்றுக்கேற்ற ஊசி ஆகிய அனைத்தையும் ஒருங்கே மாற்றுதல் மரபு. மினி திருத்துவோர் இதனை முதற்படி என்பர். மாற்றியபின் காரை உருளைகளின்மேல் நிறுத்தி ஓட்டி, ஆற்றலையும் கலவையையும் கருவியால் அளந்து, ஊசியையும் பற்றவைப்புக் காலத்தையும் நேர்செய்தல் வேண்டும். அளவாமல் 'நன்றாய் இழுக்கின்றது' எனத் தாமே மகிழ்தல் மருந்துண்டவன் நாடி பாராமல் நோய் தீர்ந்ததெனக் கூறுவதை ஒக்கும்.

தொடங்குமுன் செய்யத் தக்கன

முதற்படிக்கும் முற்பட்ட படி ஒன்றுண்டு. பலர் அதனை மிதியாமலே தாண்ட முயல்கின்றனர். அதுதான் உள்ள எஞ்சினைச் செவ்வனே வைத்தல். நான்கு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளந்து, ஒன்று மட்டும் குன்றியிருப்பின் அதன் காரணத்தை முதலில் நீக்குக. வால்வின் இடைவெளியை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுது, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்காக அமைக்க. பிளக்கு, டிஸ்ட்ரிபியூட்டர் முதலியவற்றைச் சோதிக்க. இழந்த ஆற்றலை மீட்பதே சிலருக்குப் போதுமானதாகும்.

எஞ்சின் குறுக்கே அமைந்திருத்தலின் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்பொழுதும் விடும்பொழுதும் அது முன்னும் பின்னும் சாய்ந்தாடும். அவ்வாட்டத்தை அடக்க ஒரு தாங்குகோலும் அதன் இரு முனைகளில் இரப்பர்களும் உள்ளன. இரப்பர் தேய்ந்திருப்பின் எஞ்சினின் ஆட்டம் முழுதும் புகைக்குழாயின்மேல் விழும்; புதிய மானிபோல்டும் இணைப்பிடத்திற் பிளவுறும். விலைமிக்க குழாயை வாங்குமுன் விலைகுறைந்த இரப்பரை மாற்றுதல் அறிவுடைமை. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே எண்ணெயிற் குளிப்பனவாதலின் எண்ணெயையும் காலந்தாழ்த்தாது மாற்றுதல் வேண்டும். கியர்ப் பற்கள் அரைத்து உதிர்க்கும் நுண்துகள் அதிலேயே கலக்கின்றது.

வெளிவால்வின் இருக்கை பற்றியும் ஒரு சொல். முற்காலப் பெட்ரோலிற் கலந்திருந்த ஈயம் அவ்விருக்கைக்கு ஒரு காப்பாய் நின்றது. காற்றை நஞ்சாக்குவதால் அதனை நீக்கினர். இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கியபொழுது அதன் பொதுவிற்பனை நின்றுவிட்டது. வார்ப்பிரும்பிலேயே கடைந்த பழைய இருக்கைகள் ஈயமில்லாப் பெட்ரோலில், அதுவும் விரைந்து ஓட்டுங்கால், தேய்ந்து அமிழும். ஆகலின் ஆற்றலைக் கூட்ட விழைவோர் கடினப்படுத்திய இருக்கை வளையங்களைச் சிலிண்டர் ஹெட்டிற் பதித்தல் நன்று.

இவையனைத்தினும் முதன்மையானது பிரேக். முதல் மினிக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே இருந்தது. 34 குதிரைத்திறனுக்கென அஃது அமைக்கப்பட்டது. வேகத்தின் வன்மை அதன் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவது. மணிக்கு 50 மைலில் உள்ளதைவிட 70 மைலில் நிறுத்தவேண்டிய வன்மை ஏறக்குறைய இருமடங்காகும். பிரேக் டிரம் சூடேறிப் பிடிதளரும் இடம் பெரும்பாலும் மலையிறக்கமாகவே இருக்கும். ஜான் கூப்பர் முதலியோர் டிஸ்க் பிரேக்கை எஞ்சினோடு உடனமைத்த காரணம் இதுவே. எஞ்சின் பழுதாயின் பொருள் போகும். பிரேக் பழுதாயின் உயிர் போகும். அவ்வுயிரும் ஓட்டுவோனுடையதாகவே இருக்குமென்பதில்லை.

அப்பாலுள்ள படிகள்

முதற்படியோடு நில்லாதாரும் உளர். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, வாயில்களை வழவழப்பாக்கி, வால்வுகளைப் பெரிதாக்கி, நெருக்க அளவை உயர்த்துதல் அடுத்த படி. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்டை மாற்றி, அவை நெடுநேரம் திறந்திருக்கச் செய்தல் அதற்கு மேற்பட்டது. பெரிய கார்புரேட்டரோ இரட்டைக் கார்புரேட்டரோ பொருத்துதல் இவற்றோடு செல்வது. ஆயினும் ஒவ்வொன்றும் ஒன்றைத் தந்து மற்றொன்றைப் பறிக்கும். நெடுநேரம் வால்வு திறக்கும் கேம் ஷாப்ட் மேல்வேகத்தில் ஆற்றலைத் தரும்; தெரு முனையில் மெல்லச் செல்லும்பொழுது எஞ்சின் தடுமாறும். பந்தயக் களத்துக்கு ஏற்றது பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதற்கு ஏலாது. தன் கார் எங்கே, எதற்காக ஓடுவது என்பதைத் தெளிந்த பின்னரே கருவியைக் கையிலெடுத்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால், எஞ்சினின் உள்மூச்சும் எரிதலும் வெளிமூச்சும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்பதும், ஒன்றை மட்டும் திருத்துவோர் ஏனையவற்றைக் கெடுப்பர் என்பதும், ஓடும் ஆற்றல் நிற்கும் ஆற்றலினும் மிகலாகாது என்பதும் போதரும். இக்கட்டுரையின் படியை முன்னரே அந்நண்பரிடம் காட்டினேன். அவர் பொறுமையோடு படித்துவிட்டு, "அங்ஙனமாயின் நன்றாய்த் திருத்திய மினி தெருவிற் செல்லும்பொழுது நமக்குத் தெரியவே தெரியாதே!" என்றார். "பெரும்பாலும் தெரியாது. மேட்டில் நம்மை முந்திச் செல்லும்பொழுதும், பள்ளத்தில் உரிய இடத்தில் நிற்கும்பொழுதும் மட்டுமே தெரியும்" என்றேன். இம்முறை அவரும் தலையசைத்தார்.